பெற்றவளை யார் பார்ப்பது?

பிரசவத்துக்கு நாள் குறித்து, சத்து மாத்திரை கொடுத்து, வண்டி வைத்து அழைத்துப் போகிறார்கள். குழந்தை பிறந்ததும் சில நாள்களில் தெருமுனையில் இறக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பெற்றவளை யார் பார்ப்பது?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. இது பெரிய சாதனை, நாம் மறுக்கவில்லை. ஆனால் தாய்மார் மரணங்களில் பெரும்பகுதி குழந்தை பிறந்த பிறகே நேர்கிறது. உதிரப்போக்கு, ரத்தக்கொதிப்பு, கிருமித்தொற்று ஆகியவை முக்கியக் காரணங்கள். அதனால்தான் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் விதி.

நம் தெருக்களில் பல நேரம் நடப்பது வேறு. ஊர்த்தெரு வரை வரும் செவிலியர், தையல் ஆறாத பெண்ணை அங்கன்வாடிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்புகிறார். வேலைப்பளு உண்மைதான். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பதே கணக்கு; பணியிடம் காலியானால் சுமை இரட்டிப்பாகும். ஆனால், நேரம் போதாதபோது விடுபடுவது எப்போதும் நம் தெருவாகவே இருப்பது ஏன்?

26 வார மகப்பேறு விடுப்பு களையெடுக்கும் கூலிப்பெண்ணுக்கு இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி உண்டு. அதன் தவணை வந்து சேரும் முன்பே பலர் பச்சை உடம்போடு வயலில் இறங்கிவிடுகிறார்கள்.

நம் வீட்டையும் பேசியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக நம்மைத் தீட்டு என்று ஒதுக்கினார்கள். அந்தச் சொல்லின் வலி தெரிந்த நாமே, பெற்றவளைத் தீட்டு என்று தனியே உட்கார வைக்கிறோம். தண்ணீரைக் குறைக்கிறோம், கீரை, முட்டை ஆகாது என்கிறோம். பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீரும் சத்தும் கூடுதலாக வேண்டும்.

துணி துணியாக நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி, கண் மங்கல், கெட்ட வாடை, வலிப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் தெருவில் பிள்ளை பெற்றவர்களின் வீட்டுக்குச் செவிலியர் எந்தெந்த நாளில் வந்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வராத நாளையும் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டைப் படித்துத் தீர்மானம் கேட்போம். ஆறு முறை வருவது சலுகை அல்ல. அது நம் பெண்களின் உரிமை.