ஒரு படிதானே!

என் பெரியம்மாவுக்கு வாழை இலைச் சாப்பாடு என்றால் உயிர். பெண்டாங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். இனிப்பு நீர் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். வெளிச்சாப்பாடு வேண்டுமென்றால் யாராவது போய்க் கட்டிக்கொண்டு வருவார்கள். "கடையில உட்கார்ந்து, ரசத்தைச் சூடா கையில வாங்கிக் குடிக்கிற மாதிரி வருமா?" என்று ஒருமுறை சொன்னார். அது என்னை விடவில்லை. போன மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முன்கூட்டியே கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"படி இருக்குங்களா?"

"இல்லக்கா, ஒரு படிதான். நீங்க வாங்க, பசங்க தூக்கி விட்டுருவாங்க."

அந்த ஒரு படிக்கு முன்னால் இன்னொரு பயணம் இருந்தது. சாலையிலிருந்து அஞ்சடிக்கு ஏற, மூலைக் கடையோரம் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற சரிவு ஒன்றுதான் வழி. அங்கிருந்து நான்கு கடை தாண்டிப் போக வேண்டும். கேஸ் தோம்பு, அடுக்கி வைத்த நாற்காலிகள், ஒரு சாமி மேடை. போதாததற்கு ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசல் தரையைத் தன் விருப்பத்துக்கு உயர்த்தியிருக்கிறார். வெள்ளம் வருகிற மாநிலம், உயர்த்தத்தான் செய்வார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைக்குக் கடை ஏறி இறங்குகிற அஞ்சடியில் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

கடையில் இரண்டு தம்பிகள் ஓடி வந்து நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியம்மா சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். தோட்டத்து மண்டோரிடம் ஏச்சு வாங்கிய கதைகளைச் சொல்லும்போதும் அப்படித்தான் சிரிப்பார்.

இலை போட்டார்கள். "அம்மாவுக்குச் சோறு போடட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்கள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார். மேசைக்கு நடுவில் ஒற்றைக் கால், கீழே குறுக்குக் கம்பி. நாற்காலி உள்ளே போகவில்லை. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, குனிந்து குனிந்து சாப்பிட்டார். ரசம் வந்தது. வேண்டாம் என்றார். மோரும் வேண்டாம். தண்ணீர்கூடத் தொடவில்லை.

காரில் ஏறியதும் காரணம் சொன்னார். "கக்கூசு பின்னால, ரெண்டு படி எறங்கணும். நுழையும்போதே பார்த்துட்டேன். காலையில இருந்தே நான் தண்ணி குடிக்கல."

ரசத்துக்காகப் போனவர் ரசம் குடிக்காமல் திரும்பினார்.

மறுவாரம் காலை நிகழ்ச்சியில் இதைப் பேசினேன். அழைப்புகள் ஓயவில்லை. சுங்கை பட்டாணியிலிருந்து பேசிய ஒருவர், தான் பேரங்காடிக்கு மட்டுமே சாப்பிடப் போவதாகச் சொன்னார். மின்தூக்கி இருக்கிறது, கழிவறை இருக்கிறது. "ஆனா எனக்கு வேண்டியது இட்லி" என்றார். ஸ்டூடியோவில் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று பலர் கேட்டார்கள். இருக்கிறது. 2008-இல் வந்த மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் கட்டடங்களையும் வசதிகளையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. மீறினால் என்ன தண்டனை? அந்தச் சட்டத்தில் தண்டனையே கிடையாது. கட்டட விதிகளில் 34A என்று ஒன்று உண்டு. அதில் உணவகங்களும் வருகின்றன. அந்த விதி வருவதற்கு முன்பே கட்டிய கடைவீடுகளையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும், ஆனால் விலக்குத் தர உள்ளூராட்சிக்கு அதிகாரம் உண்டு. நம் சிறு பட்டணங்களில் வாழை இலைக் கடைகள் இருப்பது பெரும்பாலும் அந்தப் பழைய கடைவீடுகளில்தான்.

ஆகவே முதலாளியிடமே பேசுவது என்று முடிவு செய்தேன். போனில் அழைத்தேன். மரியாதையாகப் பேசினார். "செய்யலாம்மா. ஆனா சக்கர நாற்காலியில யாரும் வர்றதே இல்லையே" என்றார். படி இருக்கும்வரை எப்படி அண்ணே வருவார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பிறகு அளவு கேட்டார். நம் நாட்டுத் தர அளவுப்படி சரிவு 1:12. ஓரங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். அவர் கடைப் படி ஆறு அங்குலம், அதற்கு ஆறடிச் சரிவு வேண்டும். அஞ்சடியோ பேருக்கேற்ப ஐந்தடிதான். நிரந்தரமாகக் கட்டினால் நடந்து போகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். அதனால் வேண்டும்போது போட்டு, பிறகு எடுத்து வைக்கிற பலகை சொன்னேன். மூன்றடிப் பலகை என்றால் செங்குத்தாக இருக்கும், பின்னால் ஒருவர் கெட்டியாகப் பிடித்துத் தள்ள வேண்டும். அப்படியும் தூக்குவதைவிட அது எவ்வளவோ மேல். கூடவே, நான்கு மூலையிலும் கால் வைத்த மேசை ஒன்று, வாசலுக்குக் கிட்டே. கீழே முழங்கால் நுழைய 70 சென்டிமீட்டர் போல உயரம் இருந்தால் போதும்.

"சரிம்மா, ஆசாரிகிட்ட சொல்றேன்" என்றார்.

"கழிவறை?"

"அது பெரிய வேலை. கட்டடம் வாடகைக்கு எடுத்தது. வீட்டுக்காரரைக் கேட்கணும். பார்க்கலாம்."

அடுத்த மாதம் மறுபடி ஊருக்குப் போகிறேன். பலகை வந்துவிட்டதா என்று முதலில் நான் மட்டும் போய்ப் பார்க்கப் போகிறேன், கையில் அளவு நாடாவோடு. பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.