பிழை ஆரில எண்டு சேர்வருக்குத் தெரியும்

'ஏதோ தவறு நடந்துவிட்டது. பின்னர் முயற்சிக்கவும்.' இந்த வசனத்தை எழுதின ஆளை ஒருநாள் சந்திக்க வேணும். ஏதோ எண்டால் எது? ஆற்ற தவறு? பின்னர் எண்டால் எப்ப, விண்ணப்பம் இண்டைக்கு இரவு மூடுதே?

கலைப்பீடக்காரருக்கு இது என்னத்துக்கு எண்டு கேக்காதேங்கோ. இது மொழிப் பிரச்சினை. வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் சேர்வர் மூன்று இலக்கத்தில் பதில் சொல்ல வேணும். 200 எண்டால் வேலை முடிஞ்சுது. 4இல் தொடங்கினால் பிழை கேட்டவரில்: 400 எண்டால் கோரிக்கையே விளங்கவில்லை, 404 எண்டால் அப்பிடியொரு பக்கம் இல்லை. 5இல் தொடங்கினால், பிழை தன்னில எண்டு சேர்வரே ஒத்துக்கொள்ளுது. 503 அனுப்பும்போது எப்ப திரும்ப வரலாம் எண்டும் சேர்த்துச் சொல்ல 'ரிட்ரை ஆஃப்டர்' எண்டு ஒரு வரி இருக்கு. எங்கட கந்தோர்களில் இவ்வளவு மரியாதையான பதிலை நான் கேட்டதில்லை.

இந்த ஒழுங்கைக் கெடுக்க ரெண்டு வரி போதும். பைதனில் சின்ன சேர்வர் ஒன்றை எழுதிப் பாருங்கோ. படிவத்தைச் சேமிக்கும் வரியை 'ட்ரை'க்குள் போட்டு, கீழே 'எக்செப்ட்', 'பாஸ்' எண்டு எழுதினால் முடிஞ்சுது. டேற்றாபேஸ் விழுந்தாலும் சத்தம் வராது. அடுத்த வரி 200ஐ அனுப்பும். ஒண்டும் சேமிக்கப்படவில்லை, ஆனால் திரையில் பச்சை நிறத்தில் 'நன்றி'. இதற்குப் பெயர் பிழை கையாளல் இல்லை, பொய்.

என்னோடு படிக்கும் ஒருத்தி புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிச்சாள். 'நன்றி' வந்தது. ரெண்டு மாதம் கழிச்சுக் கேட்டால், 'நீங்கள் அனுப்பவே இல்லையே' எண்டுகினம். அவளிட்ட ஸ்கிரீன்ஷொட் இருக்கு. அவையிட்ட ஒரு வரிப் பதிவும் இல்லை. சேமிக்கவில்லை எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் படிவத்தைக் கையோடு கொண்டுபோய்க் குடுத்திருப்பாள்.

'உள் விபரத்தைக் காட்டினால் ஹக்கர் பார்ப்பான்' எண்டு கணினி படிக்கிற நண்பர்கள் சொல்லுவினம். உண்மைதான், ஆர் காட்டச் சொன்னது? எந்தக் கோப்பில் எந்த வரி உடைஞ்சது எண்டதை உங்கட லொக்கில் எழுதி வையுங்கோ. வெளியில 500 அனுப்புங்கோ. கூடவே முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கமும், 'உங்கள் விண்ணப்பம் சேமிக்கப்படவில்லை, பிழை எங்களுடையது' எண்டு ஒரு வசனமும். அதைத் தமிழிலயும் எழுதுங்கோ. மொழிபெயர்க்க ஆள் இல்லையெண்டால் எங்கட பீடத்துக்கு வாங்கோ, சும்மாதான் இருக்கிறம்.