வயர் போச்சு, கவனமும் போகலாமா? காருடன் போனை இணைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புது கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமில் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே இருக்கா?" வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் கிளம்புகிறவர்களும், தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு – சென்னை போய் வருகிறவர்களும் இந்த வசதிக்குப் பழகிவிட்டார்கள். மேப், பாட்டு, போன் கால் எல்லாமே கார் திரையில் வந்துவிடும். வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் வயர் போனதாலேயே பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பதுதான் சிக்கல்.

வயர் இல்லாமல் எப்படி வேலை செய்கிறது?

போனும் காரும் முதலில் புளூடூத் வழியாக ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. திரையில் ஓடும் படத்தை அனுப்ப புளூடூத்தின் வேகம் போதாது. அதனால் அறிமுகம் முடிந்ததும் இணைப்பு வைஃபைக்கு மாறிவிடும். மேப்பை இயக்குவதும் படத்தை உருவாக்குவதும் போன்தான். கார் திரை அதைக் காட்டுகிறது. விரல் பட்ட இடத்தைத் திரும்பப் போனுக்குச் சொல்கிறது. போன் சூடானால் திரை திணறுவதும், டேட்டா தீர்ந்தால் மேப் நின்றுபோவதும் இதனால்தான்.

எந்த காரில், எந்த போனில்?

ஆண்ட்ராய்டு போன் என்றால் பொதுவாக ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் வேண்டும். காரைப் பொறுத்தவரை, விலை கூடினால் வசதியும் கூடும் என்று நம்பிவிடக் கூடாது. ஓரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட், சிறிய எஸ்.யு.வி. என்றாலும் 2020 டிசம்பரில் வயர்லெஸ் வசதியோடுதான் அறிமுகமானது. அதே ஆண்டு வந்த ஹூண்டாய் ஐ20-ல் 8 அங்குலத் திரைக்கு வயர்லெஸ் இருந்தது. அதைவிட விலை கூடிய 10.25 அங்குலத் திரைக்குக் கேபிள் தேவைப்பட்டது. எனவே மாடல் பெயரை மட்டும் கேட்டால் போதாது, வாங்கப்போகும் வேரியன்ட்டில் இருக்கிறதா என்று இணைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கேபிள் வழி வசதி மட்டும் உள்ள காருக்கு யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் வயர்லெஸ் அடாப்டர் கிடைக்கிறது. அந்த வசதியே இல்லாத காரில் இது பெரும்பாலும் பயன்படாது.

இணைப்பது எப்படி?

வண்டி நின்றிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

1. போனில் புளூடூத், வைஃபை, லொகேஷன் மூன்றையும் ஆன் செய்ய வேண்டும்.
2. கார் திரையில் புதிய சாதனத்தைச் சேர்க்கும் பகுதிக்குப் போய், போனின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
3. இரண்டு திரையிலும் ஒரே எண் தெரிகிறதா என்று பார்த்து ஓகே கொடுக்க வேண்டும்.
4. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கார்பிளே என்ற வரிசையில் போய் காரைத் தேர்வு செய்யலாம்.

கனெக்ட் ஆகலையா? போன், கார் இரண்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். பேட்டரி சேவர், வி.பி.என். ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்து பார்க்கலாம்.

கை ஃப்ரீ, கண்?

பிரிட்டனின் ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் நேரத்தை அளந்தது. கார்பிளேயைத் தொட்டு இயக்கியவர்களுக்கு அந்த நேரம் 57 சதவீதமும், ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டு இயக்கியவர்களுக்கு 53 சதவீதமும் கூடியது. குரலால் இயக்கியபோதுகூட முறையே 36, 30 சதவீதம் கூடியது. பிரிட்டனின் சட்ட வரம்பு அளவுக்கு மது அருந்தியவர்களுக்கு இது 12 சதவீதம்தான். சிலர் 16 விநாடி வரை சாலையிலிருந்து கண்ணை எடுத்திருந்தார்கள்.

60 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். 16 விநாடி என்றால் சுமார் 270 மீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே வரிசையாக மீனவ ஊர்கள் இருக்கின்றன. பஸ் பிடிக்கவும் பள்ளிக்குப் போகவும் அந்த மக்கள் இந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். ஒரு பாட்டை மாற்றும் நேரத்துக்குள் யாரோ ஒருவர் நடுச்சாலைக்கு வந்திருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டி ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் முறைக்கு ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க இடமுண்டு. 2020 அக்டோபர் முதல் வழி பார்க்க மட்டும் விதிவிலக்கு இருக்கிறது, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில். போன் பாக்கெட்டில் இருக்கிறது என்பதற்காகக் கவனத்தைத் திரையிடம் கொடுத்துவிட்டால், சட்டத்தின் நோக்கமே வீணாகிவிடும்.

வாடகை கார் என்றால்?

செல்ஃப் டிரைவ் காரில் போனை இணைத்து, கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்தால், தொடர்பு எண்களும் கால் விவரங்களும் காரின் நினைவகத்தில் தங்கிவிடக்கூடும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கார் திரையில் போனின் பெயரை டெலீட் செய்வது ஒரு நிமிட வேலை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பிறகும் இதை அழித்துத் தருவது வாடகை நிறுவனங்களின் கடமையாகவும் இருக்க வேண்டும்.

கார் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஏ.சி.யைக் குறைப்பது, சத்தத்தைக் கூட்டுவது போன்ற வேலைகளுக்குப் பொத்தான்களை விட்டுவைக்கலாம். வண்டி நகரும்போது போனை இணைக்கும் மெனுவைப் பூட்டிவிடலாம். ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது இதைவிட எளிது. போக வேண்டிய இடம், கேட்க வேண்டிய பாட்டு இரண்டையும் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். நடுவில் ஏதாவது மாற்ற வேண்டுமானால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்லலாம். தனியாகப் போகிறவர் வண்டியை ஓரம் கட்டி மாற்றிக்கொள்ளலாம்.