விமானமேறிய பொன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் சிலரைச் செண்பகத்தோப்புக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சாம்பல் அணிலைக் காண்பது உத்தேசம். அது தரிசனம் தரவில்லை. ஓடைக்கரையில் கட்டுச்சாதத்தைப் பிரித்த சமயம் ஒரு பையன் கேட்டான்: "ஸார், கிணறு வெட்ட அப்பா கடன் வாங்கினார், அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அது புரிகிறது. சர்க்கார் தன் ஜனங்களிடமே கடன் வாங்கும்போது, தேசத்தின் பொன் ஏன் சீமைக்குப் போகவேண்டும்?"

1991-ஆம் வருஷத்துச் சங்கதியை எங்கோ படித்திருக்கிறான்.

வரி வருமானத்துக்கு மேல் சர்க்கார் செலவழித்தால், அந்தப் பணம் சம்பளமாகவும் மானியமாகவும் ஜனங்கள் கைக்கு வருகிறது. அதில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கினால் பாதகமில்லை. பாலும் நம்முடையது, அடுப்பும் நம்முடையது. ஆனால் பால் வண்டிக்கு வேண்டிய எண்ணெய் பாரசீக வளைகுடாவிலிருந்து வருகிறது. அங்கே ரூபாய் செல்லாது, டாலர் வேண்டும். ஏற்றுமதியில் ஈட்டிய டாலர் போதாவிட்டால் அதற்கும் கடன். சர்க்கார் வீட்டுப் பற்றாக்குறை இப்படித்தான் கடல் கடந்த நடப்புக் கணக்கிலும் தலைகாட்டுகிறது.

1990-91-இல் மத்திய சர்க்காரின் பற்றாக்குறை தேச உற்பத்தியில் சுமார் 8 சதவிகிதம். நடப்புக் கணக்கில் விழுந்த துண்டு சுமார் 3 சதவிகிதம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகவே, எண்ணெய் விலை ஏறிற்று. கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். கையிருப்பு டாலர் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே காணும் என்ற நிலை. 1991 மே மாதம் 20 டன் பொன் ஸ்விஸ் பாங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் பாங்கியின் 47 டன் பொன் லண்டனுக்கு விமானமேறிற்று. கிடைத்த கடன் சுமார் 40 கோடி டாலர். சுதந்திரம் பெற்று 44 வருஷம் நிறையுமுன், இங்கிலாந்து பாங்கியிடமே அடகு! எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

"ஜப்பானுக்கும்தான் மலைபோல் கடன் இருக்கிறதாமே?" என்றான் மற்றொருவன்.

வாஸ்தவம். அந்தச் சர்க்காரின் கடன் வருஷ உற்பத்தியைப்போல் இரு மடங்குக்கு மேல். ஆயினும் பெரும்பாலும் உள்நாட்டுச் சேமிப்பிலிருந்து, யென் நாணயத்திலேயே வாங்கியது. நடப்புக் கணக்கிலோ உபரி. இலங்கைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2019 கடைசியில் வரிகளைக் குறைத்தது. டாலர் கடனோ கழுத்தளவு. 2022 ஏப்ரலில் வெளிக்கடன் தவணைகளை நிறுத்திவிட்டது.

நம் சர்க்காரின் கடன் இன்று பெரும்பாலும் ரூபாயில்தான். பொன் பயணம் போகாது என்று நம்பலாம். ஆனால் 2024-25 வரவு செலவுத் திட்டத்தின் 48 லட்சம் கோடி ரூபாய்ச் செலவில் 11 லட்சம் கோடிக்கு மேல் வட்டி. அசல் அப்படியே நிற்கிறது.

"கிணற்றில் தண்ணீர் வந்ததா, தம்பி?" என்று முதல் பையனைக் கேட்டேன்.

"வந்தது, ஸார். சங்கிலிதான் இன்னும் வரவில்லை" என்றான்.