புல்லர் செஞ்சா கஞ்சன், சம்மட்டி எடுத்தா நிபுணரா?

தேனாம்பேட்டையில எங்க வீட்டு வாசல்ல ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிக்குது. அப்பா ஓட்டின வண்டி. இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டை 1961-லேர்ந்து நம்ம வண்டலூர் பக்கம் செஞ்சாங்க. சுத்தமான மெட்ராஸ் கார்.

அதோட பின்சக்கர ஹப்பைக் கழட்டினவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். கூம்பு மாதிரி இருக்கற ஆக்ஸில் முனையில, சாவி போட்டு இறுகி உட்கார்ந்திருக்கும். அதுக்குன்னே தனி புல்லர் வேணும். கடையில கிடைக்கல, நானே செஞ்சேன். பார்த்தவர் ஒருத்தர், "எதுக்கு சார் இந்தக் கஞ்சத்தனம்? சம்மட்டியால ரெண்டு போடு போட்டா வந்துடும்"னார்.

வரும் சார், வளைஞ்சு வரும்! இடது பக்க ஹப்பை ஒரு மெக்கானிக் அப்படித்தான் 'எடுத்துக்' கொடுத்தார். மாட்டினா டிரம் தள்ளாடுது. தொழிற்சாலையை 1980-கள் முடியறதுக்குள்ளயே மூடிட்டாங்க. புது ஹப்புக்கு யார்கிட்ட போய் நிக்கறது?

நான் செஞ்சது ராக்கெட் இல்ல. 20 எம்.எம். இரும்பு பிளேட்டு. நாலு ஸ்டட்டுக்கு 95.25 எம்.எம். வட்டத்துல நாலு ஓட்டை. அது சரியா மூணே முக்கால் இஞ்ச். நடுவுல மரை போட்டு ஒரு ஹைடென்சில் போல்ட்டு. லேத்து பட்டறையில அரை நாள் வேலை. ஆக்ஸில் நட்டை முழுசா கழட்டாம நாலு மரையில விட்டு வைக்கணும். இல்லேன்னா ஹப் பாய்ஞ்சு வந்து காலை உடைக்கும். போல்ட்டை இறுக்கி, அது தலையில ஒரே ஒரு தட்டு. டங்! வந்துடுச்சு. சுத்தியலுக்கும் வேலை இருக்கு மக்களே, கடைசியில!

இதைப் போய் ஜுகாட்ங்கறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. அரை இஞ்ச் போல்ட்டுக்கு, அதாவது 12.7-க்கு, 13 ஸ்பேனரைப் போட்டு முனையை மழுக்கறாங்களே, அதுதான் ஜுகாட். அளந்து, வரைஞ்சு, கடைஞ்சு செய்யறது தொழில். ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்காதீங்க.

அதுக்காக எல்லாத்தையும் வீட்டுலயே செய்யுங்கன்னு சொல்லல. முன்பக்க காயில் ஸ்பிரிங்கை அமுக்கற கருவியைப் பழைய கம்பியில ஒப்பேத்தினா உயிருக்கே உலை. வண்டிக்கு அடியில முட்டுக் கொடுக்கற ஸ்டாண்டும் அப்படித்தான். அதெல்லாம் காசு கொடுத்து வாங்குங்க. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு தெரியறதும் தொழில்தான்.

பழைய காரைக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கிட்டு சம்மட்டி தூக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: நீங்க உடைக்கறது உங்க வண்டியை மட்டும் இல்ல. மிச்சம் இருக்கற கொஞ்ச நஞ்ச ஹெரால்டு சாமான்ல ஒண்ணை. அடுத்தவனுக்கும் அது வேணும்யா!

பி.கு: புல்லர் வேணும்னா வந்து வாங்கிட்டுப் போங்க. சம்மட்டி கேட்டா தரமாட்டேன் :)