பிக்கப்பை மாத்துறதுக்கு முன்னாடி பின்பக்க மூடியைத் திறங்கய்யா!

கிதார் பத்தி எழுதி நாளாச்சு. இன்னிக்கு எழுத வெச்சது கோபம்.

ஆரணியில எங்க தெருவுல ஒரு தம்பி. வீட்டுல ரெண்டு தறி. காலேஜ் போன நேரம் போக அம்மாவுக்குத் தார் சுத்திக் குடுத்துச் சேர்த்த காசுல ஒரு பழைய எலக்ட்ரிக் கிதார் வாங்கினான். ரெண்டு ஹம்பக்கர். சத்தம் சளி பிடிச்ச தொண்டை மாதிரி கம்முனு இருந்துச்சு. சென்னையில ஒரு கடையில கேட்டா, "பிக்கப் வீக்கு தம்பி, 14 கிலோ ஓம் ஹாட் பிக்கப் போடு"ன்னு சொல்லி ஆறாயிரத்தைக் கறந்துட்டாங்க. போட்டான். சத்தம் ஜாஸ்தியாச்சு, சளியும் ஜாஸ்தியாச்சு!

ஆகாம என்ன? பிக்கப்புல கம்பிச் சுத்து கூடக் கூட இண்டக்டன்ஸ் ஏறும். அது ஏறினா ரெசனன்ஸ் கீழே இறங்கும், ட்ரெபிள் செத்துடும். ஏற்கெனவே டார்க்கா இருக்குற கிதாருக்கு இது மருந்தா, விஷமா?

1955-ல கிப்சன் கம்பெனியில செத் லவர் வடிவமைச்ச ஹம்பக்கர்ல, காயிலுக்குச் சுமார் 5000 சுத்துதான். அளந்தா 7, 8 கிலோ ஓம் பக்கம் வரும். அதை மந்தம்னு யாரும் சொன்னதில்ல. 13 கிலோ ஓமைத் தாண்டின டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் 1970களில் வந்தது, ஆம்ப்ளிஃபயரைத் திணறடிச்சு டிஸ்டார்ஷன் வரவழைக்க. இப்போ அந்த வேலைக்குப் பெடல் இருக்கே!

அதோட, வெறும் ஓமை வெச்சு டோனைச் சொல்ல முடியாது. கம்பி மெலிசா இருந்தாலே ஓம் ஏறிடும். எங்க ஊர்ல சேலையைத் தராசுல போட்டு நெசவு எப்படின்னு சொன்னா சிரிப்பாங்க.

நான் செஞ்சது இவ்வளவுதான். பின்பக்க மூடியைத் திறந்தேன். வால்யூம், டோன் கண்ட்ரோல் ரெண்டும் 250 கே! அது சிங்கிள் காயிலுக்குப் போடுறது. ஹம்பக்கருக்கு 500 கே வேணும், இல்லேன்னா ட்ரெபிள் எர்த்துக்கு ஒழுகிடும். ரெண்டையும் மாத்தி, பழைய பிக்கப்பையே திரும்பப் போட்டு, நெக் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கி, புதுக் கம்பி கட்டினேன். ஆறு மீட்டர் கேபிளுக்குப் பதிலா மூணு மீட்டர். கேபிள் நீளமானா கெபாசிடன்ஸ் கூடி அதுவும் ட்ரெபிளைத் தின்னும். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகல. வாசிச்சுப் பார்த்துட்டுத் தம்பி ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அண்ணே, அந்த ஆறாயிரம்?"னான். என்னத்தைச் சொல்ல? கடையில திரும்ப எடுத்துக்க மாட்டாங்களாம்.

இத்தனையும் செஞ்சு இன்னும் டார்க்கா இருந்தா தாராளமா பிக்கப்பை மாத்துங்க. ஆனா சுத்து கம்மியானதா, அல்நிகோ 5 காந்தம் போட்டதா, 8 கிலோ ஓம் பக்கத்துல பாருங்க. அல்நிகோ 2 கொஞ்சம் மென்மையாத்தான் பேசும், இந்த நோய்க்கு அது ரெண்டாவது சாய்ஸ்.

விக்கிறவங்களுக்கு 500 கே பத்திச் சொல்றதுல லாபம் இல்ல, சரி. வாசிக்கிற நாமளும் "எத்தனை கிலோ ஓம்?"னே கேட்டுட்டு இருந்தா எப்படி? இல்ல, ஹாட் பிக்கப்தான் டார்க் கிதாரைத் தேத்தும்னு நினைக்கிறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, பேசுவோம்.

பி.கு: சால்டர் பண்றதுக்கு முன்னாடி பழைய வயரிங்கை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. அனுபவம் :-)