பரீட்சை மண்டபம் வீட்டுக்கு வரும்போது



பரீட்சை என்றால் மண்டபத்துக்குப் போய், நமது எண் ஒட்டிய மேசையைத் தேடி அமர்ந்து எழுதுவது என்பதே நம்மில் பலருக்குப் பழக்கம். இப்போது மண்டபமே வீட்டுக்கு வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் நிறுவனங்களின் தகுதிச் சான்றிதழ் தேர்வுகள், டோஃபெல் போன்ற ஆங்கிலத் தேர்வுகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைக்கல்வித் தேர்வுகள் எனப் பலவற்றை வெஸ்ட்கேட், மாசி, ஹாப்சன்வில் வீடுகளில் இருந்தபடியே எழுதலாம். மேற்பார்வையாளர் எங்கோ ஒரு நாட்டில் இருந்து காமிரா வழியாகப் பார்க்கிறார். சில தேர்வுகளில் இயந்திரமே பார்த்துச் சந்தேகக் குறி இடுகிறது.

இதில் நாம் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காமிராவுக்கு நமது நேர்மை தெரியாது. படமும் சத்தமும் மட்டுமே தெரியும். ஒரு குற்றமும் செய்யாத பிள்ளைக்கு எதிராக வீடே பொய்ச்சாட்சி சொல்லிவிடக் கூடும்.

தமிழ்நாட்டில் இது நடந்ததைப் பார்த்தோம். கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவ மாணவர்களுக்கு வீட்டிலிருந்தே எழுதும் தேர்வை நடத்தியது. 2021 பிப்ரவரியிலும் அவ்வாறே பருவத் தேர்வு நடந்தது. முடிவுகள் வந்தபோது தேர்ச்சி பெறாதவர்களும், முறைகேட்டுச் சந்தேகத்தால் முடிவு நிறுத்திவைக்கப்பட்டவர்களும் ஏராளம். குறைகள் எழவே, அவ்வாண்டே மறுதேர்வுக்குத் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து முறையிட்டதால் அங்கே வழி பிறந்தது. இங்கே தனியாக எழுதும் ஒருவருக்கு அந்தப் பலம் இல்லை. ஆகவே முன்னேற்பாடுதான் நமக்குப் பாதுகாப்பு.

முதலில் கம்ப்யூட்டர். தேர்வு நிறுவனம் தரும் சோதனை நிரலை ஒரு வாரத்துக்கு முன்பே ஓட்டிப் பாருங்கள். எந்த மேசையில், எந்த நேரத்தில், எந்த இணைப்பில் எழுதப்போகிறோமோ, அதே மேசையில், அதே நேரத்தில், அதே இணைப்பில் ஓட்ட வேண்டும். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியைக் கூடுமானவரை தவிர்க்கவும். அதில் புதிய நிரலை ஏற்ற நமக்கு அனுமதி இராது. அலுவலகப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் குறுக்கே நிற்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்போர், தேர்வு நிறுவனம் அதை இன்னும் ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும். இரண்டாவது திரை இருந்தால் கழற்றிவிடுங்கள். அன்றைய தினம் தானாக வரும் அப்டேட்களை நிறுத்திவையுங்கள். ஜூம், டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றை முழுவதும் மூடவும். தமிழில் தட்டச்சு செய்ய நாம் வைத்திருக்கும் மென்பொருளும் பின்னணியில் ஓடுவதுதான், அதையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஆங்கில விடைப் பெட்டியில் தமிழ் எழுத்து வந்து விழும்.

இணைப்புக்கு வைஃபையை நம்புவதைவிட, ரவுட்டரிலிருந்து ஒரு கம்பியை நேரே கம்ப்யூட்டரில் செருகுவது நல்லது. நமது படம் வெளியே போக வேண்டியிருப்பதால், பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் சினிமா பார்க்க வேண்டாம். ஃபைபர் இணைப்பானாலும், மின்சாரம் போனால் சுவரில் உள்ள பெட்டியும் ரவுட்டரும் அணைந்துவிடும். மடிக்கணினியின் பாட்டரி நிறைந்திருக்கட்டும். கைப்பேசி இணைப்புக்கு மாறத் தேர்வு விதி இடம் தருகிறதா என்பதை முன்பே படித்து வைக்கவும்.

அடுத்தது வெளிச்சம். இதை நம்மவர்கள் அலட்சியம் செய்யக் கூடாது. ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகத்தில் படித்த ரொபின் போகோர்னி என்ற கறுப்பின மாணவி, மேற்பார்வை நிரல் தன் முகத்தை அடையாளம் காணத் தவறியதால், முகத்தில் விளக்கடித்துக்கொண்டு பரீட்சை எழுத நேர்ந்தது என்று முறையிட்டார். நிறப் பாகுபாடு என்று கருத இடமுண்டு என 2022 டிசம்பரில் நெதர்லாந்து மனித உரிமை அமைப்பு இடைக்காலத்தில் கூறியது. அவர் விஷயத்தில் அது நிரூபணமாகவில்லை என 2023 அக்டோபரில் முடிவு சொன்னது. தீர்ப்பு எப்படியாயினும், கருத்த முகத்துக்கு வெளிச்சம் போதாவிட்டால் காமிரா தடுமாறும் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி அமராதீர்கள். முகத்துக்கு நேரே, திரைக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கை வையுங்கள். பிள்ளையின் நிறம் குறையல்ல. விளக்கு போதாததே குறை.

பிறகு அறை. மேசையில் தாள், புத்தகம், கைக்கடிகாரம் எதுவும் இருக்கக் கூடாது. சுவரிலுள்ள தினக் காலண்டரில் எழுத்து நிறைய இருப்பதால், அன்று மட்டும் கழற்றி வைப்பது நல்லது. கம்மல், வளையல் போன்ற நகைகளை வேண்டாம் என்று சொல்லும் தேர்வுகளும் உண்டு. தாய்மார்கள் இதை அபசகுனமாக எண்ண வேண்டாம். நம்மில் பலருக்குக் கேள்வியை உதட்டசைத்துப் படிக்கும் பழக்கம் உண்டு. இடையிடையே 'முருகா' என்று முணுமுணுப்பதும் உண்டு. காமிராவுக்கு அது யாரோடோ பேசுவதாகத் தெரியும். பிரார்த்தனையை முன்பே முடித்துவிட்டு, பிறகு நாற்காலியில் அமரலாம்.

வீட்டிலுள்ளோருக்கும் இதில் பங்குண்டு. பேரன் களைத்திருப்பான் என்று பாட்டி பாசத்தோடு தேநீர்க் கோப்பையுடன் கதவைத் திறந்தால், அந்தக் கணமே பரீட்சை ரத்தாகலாம். கட்டிய பணம் திரும்பாது. அதனோடு நிற்கும் வேலையோ கல்லூரி இடமோ தள்ளிப்போகும். எனவே முதல் நாள் இரவே பெரியவர்களை உட்காரவைத்து, திட்டுவதுபோல் அல்லாமல், காரணத்தைப் பொறுமையாக விளக்குங்கள். பூஜை மணியும் கவச ஒலிப்பதிவும் குக்கர் விசிலும் அந்த இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். சிறு குழந்தைகளை டே மனாவா நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பரீட்சை எழுதுபவரே நூலகத்தில் எழுத நினைத்தால், பொது இடத்தைத் தேர்வு விதி அனுமதிக்கிறதா என்று முதலில் விசாரிக்கவும்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 10 மணி என்றால் இங்கே மாலை 4.30, செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை 5.30. பிரிட்டனில் காலை 9 மணி என்றால் நமது கோடையில் பெரும்பாலும் இரவு 10, குளிர்காலத்தில் இரவு 8. அனுமதிச் சீட்டில் எந்த நாட்டு நேரம் போட்டிருக்கிறது என்று இருவர் பார்ப்பது நல்லது. அடையாளச் சோதனைக்கு அரை மணி முன்பே அமர வேண்டிய தேர்வுகளும் உண்டு. விசாவுக்காக எழுதுபவர்கள் பணம் கட்டுமுன், வீட்டிலிருந்து எழுதும் தேர்வைக் குடிவரவு இலாகா ஏற்குமா என்பதை அவர்களிடமே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம். உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டார் ஒருவரிடம் அடுத்த அறையில் கொடுத்து வையுங்கள். நடந்ததை நேரத்தோடு குறித்து, அன்றே எழுத்தில் முறையிடுங்கள். சந்தேகக் குறி விழுந்தால் என்ன காரணம் என்று கேட்கலாம். 2020-ஆம் ஆண்டின் நியூசிலாந்து தனியுரிமைச் சட்டப்படி, நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விவரங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமை நமக்குண்டு. இங்கே தொழில் நடத்தும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

கம்ப்யூட்டர் பழக்கமுள்ள நமது இளைஞர்கள், பரீட்சை எழுதப்போகும் அங்கத்தினர் வீட்டுக்கு ஒரு வாரம் முன்னதாகப் போய், அரை மணி நேரம் சோதித்துக் கொடுத்தால் அது பெரிய உபகாரம். தனியாக வந்து குடியேறிய செவிலியருக்கும் மாணவருக்கும் அவ்வுதவி மிகவும் தேவை. வித்யாதானத்தில் இதுவும் ஒன்று எனக் கருதி முன்வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பரீட்சை எழுதும் அனைவருக்கும் விநாயகப் பெருமான் துணை நிற்பாராக.